மெனுவில் 'சைஸைப் பொறுத்து' என்று போட்டிருந்தால்…

கோவாவில் சாப்பாடு, ராத்திரி வாழ்க்கை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறவர், கல்யாணமாகி மட்காவ் போய், பெனாலிம் கடற்கரையில் ஷாக் (மூங்கிலும் ஓலையும் வைத்துக் கட்டிய சாப்பாட்டுக் கடை) ஒன்றில் பல சீசன் கணக்கு எழுதிய நாகர்கோவில்காரர்.

கே: அக்கா, கல்யாணமாகி முதல் டூர். டிசம்பர் கடைசி வாரம் போகிறோம். பாகாவில் தங்கலாமா, பாலோலத்தில் தங்கலாமா? இவருக்கு டான்ஸ் வேண்டும், எனக்குச் சாப்பாடு வேண்டும்.
- கோயம்புத்தூர் வாசகி

ப: வாழ்த்துகள். உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு ராத்திரி கொடுங்கள், மிச்சத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். டான்ஸ் வடக்கே. கலங்குட், பாகா, அஞ்சுனா, வாகத்தோர். பாகாவில் டிட்டோஸ் லேன் என்று ஒரு சந்து, கடலில் போய் முடியும். இரண்டு பக்கமும் கிளப், பார், டாட்டூ கடை. கிறிஸ்துமஸிலிருந்து புது வருஷம் வரை அந்தச் சந்தில் நீங்கள் நடக்க வேண்டியதே இல்லை, கூட்டமே உங்களைக் கொண்டுபோய்க் கடலோரம் விட்டுவிடும். ரூம் வாடகையும் அந்த வாரம்தான் உச்சத்தில் நிற்கும். ஜனவரி பாதிக்கு மேல் தள்ளிப்போட முடிந்தால் அதே கடல், அதே வெயில், பாதித் தொல்லை.

தெற்கே தங்கிக்கொண்டு தினம் ராத்திரி பாகா போய் வரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாலோலத்திலிருந்து பாகா 80 கிலோமீட்டருக்குக் குறையாது. ஓலா, ஊபர் இங்கே ஓடுவதில்லை. கோவா மைல்ஸ் என்று 2018ல் வந்த ஆப் ஒன்று இருக்கிறது. அதிலும் நடுராத்திரியில் வண்டி கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம்.

உங்கள் சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். டூர் வருகிற எல்லோரும் மதியம் ரூமில் தூங்கிவிட்டு, ராத்திரிக்கு மெழுகுவத்தி வைத்த மேஜையைத் தேடுகிறார்கள். கோவாக்காரர்கள் பிரதானமாகச் சாப்பிடுவது மதியம்தான். ஒரு மணிக்குக் கிராமத்துச் சின்ன ஹோட்டலில் போய் உட்காருங்கள். பருமனான புழுங்கலரிச் சோறு, தேங்காயும் மிளகாயும் அரைத்த செம்மஞ்சள் மீன்குழம்பு, ரவையில் புரட்டிப் பொரித்த ஒரு துண்டு மீன், காய்ந்த சென்னாக்குன்னியைத் தேங்காயோடு பிசறிய கிஸ்மூர், ஒரு கிண்ணம் மட்டிக்கறி, கடைசியில் சோல்கடி என்கிற பானம். குழம்பின் புளிப்பு கோகம் என்ற பழத்தோலிலிருந்து வருவது, நம் குடம்புளிக்குப் பங்காளி. குமரி மாவட்டத்துக்காரியான எனக்கு முதல் நாளே வாய்க்குப் பிடித்துப்போனது அதனால்தான். இரண்டரை மணிக்குப் போனால் குழம்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். அப்படிச் சீக்கிரம் தீர்ந்துபோகிற கடைதான் நல்ல கடை. மதியம் வயிற்றுக்கு, ராத்திரி காதுக்கு என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் சண்டை வராது.

கே: ஒரு ஷாக்கில் ராத்திரி தட்டில் மீனைக் கொண்டுவந்து காட்டினார்கள். 'நல்லா இருக்கு, போடுங்க' என்றோம். பில்லில் அந்த ஒரு மீனுக்கு மட்டும் 3,400 ரூபாய். எங்களை ஏமாற்றிவிட்டார்களா?
- அம்பத்தூர் வாசகர்

ப: ஏமாற்றினார்கள் என்று சொல்லமாட்டேன். நீங்கள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. இந்த மாதிரி பில்லை என் கையாலேயே நிறைய எழுதியிருக்கிறேன், அதனால் உள்விவகாரத்தைச் சொல்கிறேன்.

மெனு கார்டில் மற்ற எல்லாவற்றுக்கும் விலை இருக்கும். மீன், கல் இறால், பெரிய நண்டு வரும்போது மட்டும் 'ஆஸ் பெர் சைஸ்' என்று போட்டிருக்கும். பொழுது சாய்ந்ததும் வாசலில் ஒரு மேஜை போட்டு, உடைத்த ஐஸைப் பரப்பி, மீனை அடுக்கி, மேலே விளக்கு போடுவார்கள். எலுமிச்சை, பார்ஸ்லி எல்லாம் ஜோடனை. பையன் உங்கள் மேஜைக்கு எடுத்து வருவது இருப்பதிலேயே பெரிய மீனாக இருக்கும். நாலு பேர் மேஜைக்கு இரண்டு கிலோ செப்பிலி. நீங்கள் தலையாட்டியதும் அது சமையலறைத் தராசில் ஏறும், சீட்டில் கிராம் கணக்கு எழுதப்படும், அதைத்தான் நான் விலையால் பெருக்குவேன். அந்த எடை தலை, குடல், செதில் எல்லாம் சேர்ந்த எடை. தட்டுக்கு வரும்போது ரொம்பவே குறைந்திருக்கும். முழு மீனை எங்கே வாங்கினாலும் கணக்கு இப்படித்தான், இதில் திருட்டு இல்லை.

ஆகவே மீன் உங்கள் மேஜையில் இருக்கும்போதே கேளுங்கள். கிலோ என்ன விலை? இந்த மீன் எவ்வளவு நிற்கும்? சிப்ஸ், சாலட் அதற்குள் அடக்கமா? தராசைக் கொண்டுவரச் சொல்ல வெட்கப்படாதீர்கள். கேட்கிற வாடிக்கையாளர் மேல் ஷாக்காரர்களுக்கு மரியாதைதான். இறால் என்றால் ஒரு பீஸ் விலையா, பிளேட் விலையா என்று கேளுங்கள். புலி இறாலில்தான் பலருக்கு மாரடைப்பு வருகிறது.

அப்படியே செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். செங்கல் நிறத்துக்குப் போயிருந்தால் 'வேற காட்டுப்பா' என்று சொல்லிவிடுங்கள். கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவதாலேயே அது எதிரே தெரிகிற கடலில் பிடித்த மீன் என்று நினைக்க வேண்டாம். 2018 ஜூலையில் இங்கே மீனில் ஃபார்மலின் ரசாயனம் கலக்கிற பிரச்சினை வெடித்தபோதுதான், வெளிமாநிலங்களிலிருந்து எவ்வளவு மீன் லாரியில் வருகிறது என்பது ஊருக்கே உறைத்தது. எதிரே தெரிகிற கடலின் மீன் வேண்டுமென்றால் பெனாலிம் பக்கம் விடிகாலையில் வாருங்கள். ராம்போண் வலை இழுப்பார்கள், எங்கள் ஊர்க் கரமடியேதான். சாளையும் அயிலையும் துள்ளும்.

என்ன மீன் கேட்பது? நீங்கள் வஞ்சிரம் என்கிற நெய்மீன் இங்கே விஸ்வண். நல்ல மீன்தான், ஆனால் எல்லோரும் அதையே கேட்பதால் விலை ஏறிக் கிடக்கிறது. சோணக் கேளுங்கள், நம் கொடுவா. லெப்போ கிடைத்தால் விடாதீர்கள், நாக்குமீன், ரவை வறுவலுக்கென்றே படைக்கப்பட்டது. என் ஓட்டு பாங்டா ரெச்சாதோவுக்கு. பாங்டா நம் அயிலை, சென்னையில் கானாங்கெளுத்தி. முதுகைக் கீறி, காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், மிளகு போட்டு வினிகரில் அரைத்த செவ்விழுதை உள்ளே அடைத்துப் பொரிப்பார்கள். மெனுவில் ஏறக்குறைய கடைசியில், மலிவாக இருக்கும். உங்கள் 3,400 ரூபாய் மீனை எப்படிச் செய்யச் சொன்னீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கார்லிக் பட்டர் என்றால் எனக்குத் துக்கமாக இருக்கும்.

கே: கடற்கரை மணலில் நாங்களே பாட்டில் கொண்டுபோய் உட்கார்ந்தால் செலவு மிச்சம்தானே?
- சேலம் வாசகர்

ப: 2019ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். சுற்றுலா இடங்களில் திறந்தவெளியில் குடித்தால் ஆளுக்கு 2,000 ரூபாய், கும்பலாக இருந்தால் 10,000 அபராதம் என்று அப்போது வைத்தார்கள், 2025ல் அபராதத்தை இன்னும் உயர்த்தச் சட்டம் நிறைவேற்றினார்கள். அடுப்பு மூட்டிச் சமைத்தாலும் அதே. ஷாக்கில் ஒரு பீர் அதைவிட மலிவு. உடைந்த பாட்டிலில் கால் கிழிந்த பிள்ளைகளை நான் பார்த்திருப்பதால், இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

கே: நாங்கள் நான்கு தோழிகள், எல்லோருக்கும் இருபத்தைந்து சொச்சம் வயது. ராத்திரி வெளியே போக ஆசை, வீட்டில் பயப்படுகிறார்கள். அக்கா என்ன சொல்கிறீர்கள்?
- திருச்சி வாசகி

ப: போங்கள். ஆனால் பாகா சந்தில் தொடங்காதீர்கள். அங்கே 'கப்பிள் எண்ட்ரி' என்று வாசலில் நின்று கூப்பிடுகிற தரகர்களும், ஊரிலிருந்து கும்பலாக வந்து வேடிக்கை பார்க்கிற ஆண்களும்தான் அதிகம். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அலுப்பாக இருக்கும்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். திறந்தவெளியில் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதி, நாடு முழுக்கவும் உள்ளதுதான். அரசு நினைத்தால் வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை தளர்த்தலாம். அதனால்தான் கடலோரத்தில் பத்து மணிக்குப் பாட்டு நிற்கும், அதற்குமேல் ஆட்டம் எல்லாம் மூடிய ஹாலுக்குள். மீறி ஒலிக்கிற இடங்களைப் பற்றி கிராமத்துக்காரர்கள் கோர்ட் வரை போய்க்கொண்டே இருக்கிறார்கள். நான் கிராமத்துக்காரர்கள் கட்சி.

இந்த விதியைச் சுற்றி முளைத்ததுதான் பாலோலத்தின் சைலண்ட் பார்ட்டி. வாசலில் ஆளுக்கொரு ஹெட்ஃபோன் தருவார்கள். சேனலை மாற்றினால் வேறு டிஜே, வேறு பாட்டு. உங்களுக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன். நடுவில் ஒரு தடவை ஹெட்ஃபோனைக் கழற்றிப் பாருங்கள். பாட்டு கிடையாது, நூறு பேர் கால் தேய்கிற சத்தம்தான். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் கேட்கிற பாட்டைச் சுருதியில்லாமல் கத்திக்கொண்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் அப்படி ஒரு இளையராஜா பாட்டை உரக்கப் பாடி மானத்தை வாங்கினார்.

ஜாக்கிரதை என்று பார்த்தால், வழக்கமாக அம்மா சொல்வது எல்லாம் சரிதான். கிளாஸை மேஜையில் விட்டுவிட்டு ஆடப்போகாதீர்கள், திரும்பி வருவதற்கான வண்டியைப் போகும்போதே பேசிவிடுங்கள், அவசரத்துக்கு 112. அம்மா சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். எந்த கிளப்பில் நுழைந்தாலும் இன்னொரு வாசல் எங்கே என்று முதலில் கண்ணால் தேடுங்கள். 2025 டிசம்பரில் அர்போராவில் ஓர் இரவு விடுதி தீப்பற்றி 25 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் அங்கே வேலை பார்த்த பிள்ளைகள். ஒரே ஒரு குறுகலான படி, மேலே ஓலைக்கூரை என்றிருக்கிற இடத்தில் நான் இப்போதெல்லாம் உட்காருவதில்லை. எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் சரி.

கே: நாங்கள் சைவம். கோவாவில் பட்டினிதானா?
- கும்பகோணம் வாசகி

ப: கடலோரத்தில் பன்னீர் டிக்காவும் ஃபிரைட் ரைஸும்தான், அது பட்டினிக்குச் சமம். கொஞ்சம் உள்ளே வாருங்கள். பணஜி, மாப்சா, மட்காவ் மூன்று ஊரிலும் உடுப்பி ஹோட்டல் உண்டு. அதைவிட, காலையில் ஏதாவது ஒரு சின்ன டீக்கடையில் பாஜி-பாவ் கேளுங்கள். பம்பாயில் வெண்ணெய் போட்டு மசிக்கிற சமாச்சாரம் இல்லை இது. வெள்ளைப் பட்டாணிக் குழம்பு ஒரு கிண்ணம், உருளைக்கிழங்கு மசியல் ஒரு கிண்ணம், இரண்டையும் கலந்துகூடத் தருவார்கள். தொட்டுக்கொள்ள அன்று காலை சுட்ட பாவ், அல்லது தவிடு தூவின 'பொய்' என்கிற ரொட்டி. பாவ்காரர் சைக்கிளில் ஹாரனை அமுக்கிக்கொண்டே தெருவில் வருவார், அந்தச் சத்தத்துக்குத்தான் எங்கள் தெரு எழுந்திருக்கும்.

போண்டா என்ற ஊர்ப் பக்கம் மங்கேஷி, சாந்தாதுர்கா கோயில்களுக்குப் போனால் அந்தப் பகுதியில் கத்கதே எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். துவரம்பருப்பு, தேங்காய், வெல்லம், கிழங்கு, காய் எல்லாம் சேர்ந்த கூட்டு. திர்ஃபல் என்று ஒரு காய் போடுவார்கள், நாக்கு லேசாக மரத்துப்போகும், பயப்பட வேண்டாம். ஒன்றே ஒன்று. ஷாக்கில் 'வெஜ் ஷாகுதி' (வறுத்து அரைத்த தேங்காய்க் குழம்பு) வாங்கினால் கரண்டி, எண்ணெய் எல்லாம் ஒன்றுதான். அது உறுத்தும் என்றால் ஷாக்கில் எலுமிச்சை ஜூஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கே: ஃபெனி என்றால் என்ன? அத்தை மகன் ஒரு பாட்டில் வாங்கிவரச் சொல்கிறான்.
- மதுரை வாசகர்

ப: முந்திரிப் பழத்தைப் பிழிந்து, சாற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சுவது. முதல் வடியில் கிடைப்பது உராக், இளசு. அதையே புளித்த சாற்றோடு திரும்பக் காய்ச்சினால் ஃபெனி. முந்திரி ஃபெனிக்கு 2009ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெற்கே தென்னங்கள்ளில் காய்ச்சுகிற தேங்காய் ஃபெனியும் உண்டு. கிராமத்தில் மார்ச் மாதம் ஃபெனி காய்ச்சுகிற பட்டி அடுப்பு எரியும்போது பழவாசனை அரை மைல் வரும். நான் ருசி பார்த்ததே இல்லை என்று எழுதினால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். உராக், லிம்கா, உப்பு, கீறின பச்சை மிளகாய் ஒன்று, எலுமிச்சை ஒரு பிழி. பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரைதான் கிடைக்கும், பாட்டிலில் அடைத்து வைத்தாலும் நாளாக ஆகக் கெடும். ஃபெனியோ முதல் மடக்கில் முகத்தில் அறையும். அத்தை மகனுக்கு வாங்கிவருவதாவது! ரயிலில் மது எடுத்துவருவதும், வெளிமாநில பாட்டிலைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவதும் வழக்காகக்கூடிய விஷயம். அவனையே வரச் சொல்லுங்கள், வயது 21 ஆகியிருந்தால்.

கே: பில்லில் 'சர்வீஸ் சார்ஜ் 10%' என்று போட்டு, கொடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். அதற்குமேல் வரி வேறு. இது நியாயமா?
- பெங்களூருத் தமிழ் வாசகர்

ப: நியாயமில்லை. சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. 'எடுத்துவிடுங்கள்' என்று அமைதியாகச் சொல்லுங்கள். மானேஜரைக் கூப்பிட்டாலே பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். பரிமாறின பையன் நேபாளத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ சீசனுக்கு வந்தவனாக இருப்பான், அவன் கையில் நேராகக் கொடுங்கள்.

வரி வேறு கணக்கு. சாதாரண ஹோட்டலில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ரூம் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் இருக்கிற நட்சத்திர விடுதிக்குள் இருக்கும் ரெஸ்டாரண்ட் என்றால் 18. அதே மீன், அதே மசாலா! மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரி. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போட்டிருந்தால் பேனாவை எடுங்கள்.

கே: ஆட்டம் பாட்டம் முடிந்து பசித்தால் எங்கே போவது?
- புதுச்சேரி வாசகர்

ப: ராத்திரி பத்து, பதினொன்றுக்குள் என்றால் தள்ளுவண்டி. ரோஸ் ஆம்லெட்! ரோஸ் என்றால் இங்கே குழம்பு. பணஜியிலும் மட்காவிலும் ஏழு மணிக்கு மேல் வண்டிகள் முளைக்கும். வெங்காயம், பச்சை மிளகாய் போட்ட ஆம்லெட்டைத் தட்டில் மடித்துப் போட்டு, அதன் மேல் கோழி ஷாகுதிக் குழம்பை, கறி இல்லாமல் குழம்பை மட்டும், மூழ்குகிற அளவுக்கு ஊற்றுவார். வறுத்து அரைத்த தேங்காயும் கசகசாவும் சேர்ந்த பழுப்புக் குழம்பு. மேலே பச்சை வெங்காயம், எலுமிச்சைத் துண்டு, பக்கத்தில் இரண்டு பாவ். ஸ்பூன் கேட்காதீர்கள், பாவைக் கிழித்து முக்க வேண்டும். பன்றி சாப்பிடுகிறவர்கள் சொரிஸ் பாவ் கேட்கலாம், வினிகரில் ஊறின காரத் தொத்திறைச்சி. இரண்டு மணிக்குப் பசித்தால் ரூமில் வாழைப்பழம் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஜூன், ஜூலையில் ரூம் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அப்போது வந்தால் என்ன?
- ஈரோடு வாசகர்

ப: கடற்கரையில் ஷாக் இருக்காது. மே 31க்குள் மூங்கில், ஓலை எல்லாம் பிரித்துவிட வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. கடலில் இறங்கவும் முடியாது, சிவப்புக் கொடி கட்டியிருக்கும், அதை மதியுங்கள். விசைப்படகு மீனும் கிடையாது. உங்கள் பக்கம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1லிருந்து ஜூலை 31. அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் கருவாடும், ஆற்று மீனும், சின்ன வள்ளத்தில் கரையோரம் பிடிக்கிறதும்தான்.

ஆனால் ராத்திரிக்கு என்ன குறை? கிராமத்துத் தவெர்னாவில், அதாவது சின்ன மதுக்கடையில், மழை ஓட்டுக் கூரையில் அடிக்கும், ஒரு மூலையில் யாராவது கிதார் வாசிப்பார். ஜூன் 24 சாவ் ஜோவாவ், புனித யோவான் திருநாள். ஊர்ப் பிள்ளைகள் தலையில் பூவும் கொடியும் சுற்றிக்கொண்டு கிணறு கிணறாகக் குதிப்பார்கள். புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் விருந்து. ஈரோட்டுக்காரர்கள் கிணற்றுக்குப் பயப்படமாட்டீர்கள், ஆனால் குடித்துவிட்டுக் குதிக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் ஆகஸ்ட் முதல் வாரம் தாண்டி வாருங்கள். ரூம் விலை ஏறியிருக்காது, படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பியிருக்கும், இறால் மலிந்து கிடக்கும். கட்போணா துறையிலோ மட்காவ் மீன் சந்தையிலோ ஒரு கிலோ வாங்கி, தங்குகிற வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தால் குழம்பு வைத்துத் தருவார். கூலி எவ்வளவு என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.